பிள்ளையின் பாதுகாப்புத் தாள்

பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் கிளினிக் அட்டையை எடுத்துக்கொண்டு ஓடுகிறோம். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதைப் புதிய டாக்டரும் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார். ‘இனி உயிரோடிருந்து என்ன பயன்?’ என்று மனமுடைந்து போகும் பிள்ளைக்கும் அப்படி ஓர் அட்டை வேண்டாமா?

உண்டு. அதன் பெயர் பாதுகாப்புத் திட்டம். அமெரிக்க உளவியலாளர்கள் பார்பரா ஸ்டான்லியும் கிரிகரி பிரவுனும் வகுத்த முறை அது. பிள்ளையும் ஆலோசகரும் சேர்ந்து உட்கார்ந்து, பிள்ளையின் சொந்த வார்த்தைகளில் ஆறு செய்திகளை எழுதுகிறார்கள்: ஆபத்து நெருங்குவதற்கான அறிகுறி, தானே மனத்தைத் தேற்றிக்கொள்ளும் வழி, கவலையை மறக்கப் போகக்கூடிய இடமும் ஆட்களும், உதவி கேட்கக்கூடிய உறவினர், நண்பர், டாக்டர், ஆலோசகர் ஆகியோரின் தொலைபேசி எண்கள், வீட்டில் ஆபத்தான பொருள்களை அப்புறப்படுத்தும் ஏற்பாடு.

தோட்டத்தை விட்டு மாக் மண்டின் தொழிற்பேட்டைப் பக்கம் குடிவந்த ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். அப்பாவுக்கு இரவு வேலை, அம்மாவுக்குப் பகல் வேலை. பள்ளி விடுமுறையில் பிள்ளை தோட்டத்துத் தாத்தா வீட்டில். தாளோ பள்ளி ஆலோசக ஆசிரியரின் மேசைக்குள்! களைக்கொல்லியைப் பூட்டி வைக்க வேண்டும் என்று தாத்தாவுக்கு யார் சொல்வது? நள்ளிரவில் மருத்துவமனைக்குப் போனால், பிள்ளை தன் வேதனையை மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டுமா?

ஆகவே, பள்ளி, கிளினிக், சமூக நல இலாகா, குடும்பம் எல்லார் கையிலும் ஒரே தாள் இருக்கட்டும். யார் யாரிடம் கொடுக்கலாம் என்று முதலில் பிள்ளையைக் கேட்போம். திட்டத்தை மட்டும் பகிர்வோம்; அந்தரங்கக் கதை வேண்டாம். ஆனால் உயிருக்கே ஆபத்து என்றால், சம்மதத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. தாளைத் திருத்தினால் எல்லாருக்கும் புதிய பிரதி கொடுத்து, பழையதைக் கிழித்துவிட வேண்டும்.

‘வெளியே சொன்னால் போலீஸ் வருமே’ என்று முன்பு பயந்தோம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309-ஆவது பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. இப்போது மறைப்பதுதான் ஆபத்து.

பிள்ளை அப்படிப் பேசினால் திட்ட வேண்டாம். தனியே விட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, ‘சாகத் தோன்றுகிறதா?’ என்று நேராகவே கேட்போம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஹீல் 15555, தாலியான் காசே 15999, அவசரத்துக்கு 999. இந்த எண்களை இன்றே சுவரில் எழுதி வைப்போம்.