போர்த்தி வைத்தால் போதுமா?



பழைய பொருட்களைப் பாதுகாப்பது பற்றிப் பேச வந்திருக்கிறோம். நான் எங்கள் வீட்டுப் பொருள் ஒன்றைப் பற்றியே பேசுகிறேன். தோட்டத்தில் கிராணியாக இருந்த என் தாத்தா விட்டுச் சென்ற மோரிஸ் மைனர் கார் அது.

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியதும், அப்பா அந்தக் காரை பிளாஸ்டிக் படுதாவால் மூடி, சுற்றிலும் கயிறு கட்டி வைத்தார். பத்திரமாக இருக்கும் என்றுதான் நினைத்தோம். எட்டு மாதம் கழித்துப் பிரித்தால், இருக்கை முழுக்கப் பூஞ்சணம். கதவின் அடியில் துரு. பின் சக்கரம் அசையவே இல்லை. அப்பா ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் உட்கார்ந்து ஸ்டீரிங்கைப் பிடித்தபடியே இருந்தார்.

நாங்கள் எங்கே தவறினோம்?

குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவுவார்கள். உப்பு இரும்பை அரிக்கும். அதனால் பழைய கார் வைத்திருப்பவர்கள் வசந்தம் வரும்வரை அதைக் கொட்டகையில் நிறுத்தி விடுகிறார்கள். நம் நாட்டில் பனி இல்லை. ஆனால் நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை இருக்கிறது. நமக்கு எதிரி ஈரம்தான். நாங்களோ அந்த ஈரத்தை படுதாவுக்குள்ளேயே அடைத்து வைத்து விட்டோம்!

பட்டறைக்காரர் சொல்லிக் கொடுத்ததை உங்களுக்கும் சொல்கிறேன். காரைக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே மூடுங்கள். காற்றுப் புகும் துணி உறையே நல்லது. பழைய இன்ஜின் எண்ணெயில் அமிலம் சேர்ந்திருக்கும். நிறுத்தும் முன்பே மாற்றி விடுங்கள். பிரேக் எண்ணெயும் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றுங்கள். கைப்பிரேக்கை இழுத்து விடாமல், சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். எங்கள் கார் அசையாமல் போனதற்குக் காரணம், இழுத்து விட்ட அந்தக் கைப்பிரேக்தான். டயருக்குச் சற்றுக் கூடுதலாகக் காற்று அடியுங்கள். பேட்டரி வயரைக் கழற்றி வையுங்கள்.

இன்னொன்று. இரண்டு நிமிடம் இன்ஜினை முடுக்கிவிட்டு நிறுத்துவதில் பயன் இல்லை. சூடேறாத இன்ஜினிலும் புகைக்குழாயிலும் நீர்தான் தங்கும். மழை விட்ட நாளில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். மூடிய கொட்டகைக்குள் மட்டும் இன்ஜினை ஓட விடாதீர்கள். அந்தப் புகை உயிரையே பறிக்கும்.

எங்கள் காரைச் சரி செய்ய ஐந்து மாதம் பிடித்தது. இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, அப்பா அதில் அம்மாவைச் சந்தைக்கு அழைத்துப் போகிறார். பழைய பொருளைப் போர்த்தி வைத்தால் மட்டும் அது பிழைக்காது. அவ்வப்போது திறந்து பார்க்க வேண்டும், பயன்படுத்த வேண்டும். உங்கள் வீட்டிலும் மூடிக் கிடக்கும் கார் இருந்தால், அடுத்த மழைக்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள்.