பெட்டிக்குள் ஒரு நூல்நிலையம்

(மலாக்கா மாநிலத் தோட்டமொன்றில் ஆற்றிய உரை)



விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நிரை நிரையாக மரம் சீவி, பாலெடுத்து நிறுத்துக் கொடுத்துவிட்டு இங்கு வந்து அமர்ந்திருக்கிறீர்கள். களைத்திருப்போர் முன்னிலையில் நெடுநேரம் பேசுவது முறையன்று. ஆகவே, ஒரே பொருளை எடுத்துக்கொள்வோம். பலவகை நூல்களைப் படிப்பதும், அவற்றைக் குறைந்த செலவில் சேர்ப்பதுமே அப்பொருள்.

தோட்டத்து வீடுகளில் நூல்களே இல்லை என்று கூறுவது தவறு. சாமி படத்தின் அருகில் கந்தர் சஷ்டி கவசம் இருக்கும். தேவாரத் திரட்டு இருக்கும். பெரிய எழுத்துப் பாரதத்தை ஒருவர் உரக்கப் படிக்க, லயத்தார் அனைவரும் சூழ்ந்திருந்து கேட்ட இரவுகளை முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். அந்நூல்கள் நமக்கு நெறியைத் தந்தன. துன்பக் காலத்தில் துணிவைத் தந்தன. அவற்றை ஒதுக்கிவிடுமாறு நாம் சொல்ல வரவில்லை. ஆனால், வெறுஞ்சோறு மட்டும் உண்டால் உடல் தேறுமா? கீரையும் பருப்பும் வேண்டுமல்லவா? அறிவுக்கும் அவ்வாறே.

பக்தி நூல் மனத்தைத் தேற்றும். சம்பளச் சீட்டில் உள்ள பிடித்தம் எதற்கென்று அது சொல்லாது. ஊழியர் சேமநிதி, சொக்சோ, 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் ஆகியவற்றை விளக்கும் நூலே அதைச் சொல்லும். நாம் அறிந்த தொழிலாளி ஒருவர் வேலையில் விரலொன்றை இழந்தார். இழப்பீடு கேட்கும் உரிமை தமக்கு உண்டென்பதை அறியாமலே பல மாதங்களைக் கழித்தார். அண்டை வீட்டுச் சிறுவன் சிறு கைந்நூல் ஒன்றைப் படித்துக் காட்டிய பின்னரே அவருக்கு வழி தெரிந்தது. படிப்பு பொழுதுபோக்கு மட்டுமன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

நாம் நாள்தோறும் தொட்டு வேலை செய்யும் மரத்தின் வரலாற்றை நம்மில் எத்துணைப் பேர் அறிவோம்? அது பிரேசில் நாட்டுக் காட்டு மரம். அதன் விதைகள் 1876இல் இலண்டன் மாநகரை அடுத்த கியூ தோட்டத்திற்குச் சென்றன. மறு ஆண்டு அங்கிருந்து கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. மரத்தைக் கெடுக்காமல் பாலெடுக்கும் முறையை ரிட்லி என்பார் கண்டறிந்து பரப்பினார். அவர் சொல்லைக் கேட்டு, 1896இல் இந்த மலாக்காவில்தான், புக்கிட் லிந்தாங்கில், டான் சே யான் என்ற சீன வணிகர் வாணிக நோக்குடன் இரப்பர் நட்டார். மலாயாவின் இரப்பர்த் தோட்டத் தொழிலின் தொடக்கத்தில் நம் மண்ணுக்கும் பங்குண்டு என்பதை நம் பிள்ளைகள் நூல் வாயிலாக அறிய வேண்டாமா?

மலாக்காவுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. முன்ஷி அப்துல்லா இவ்வூரில் பிறந்தவர். தமிழ்க் குருதியும் அராபியக் குருதியும் கலந்த மரபினர். திருக்குர்ஆன் ஓதுவதில் தொடங்கிய அவரது கல்வி அதனோடு நின்றுவிடவில்லை. வாணிகத்திற்குரிய மொழியென்று தமிழைக் கற்றார், இந்துஸ்தானி கற்றார், மலாய் மொழியில் புலமை பெற்றுப் பிறருக்குக் கற்பித்தார், ஆங்கிலேயருடன் பழகி அவர்தம் மொழியையும் அறிந்தார். அவர் எழுதிய தன்வரலாறு 1849இல் அச்சேறியது. இன்றும் அது மலாய் இலக்கியத்தில் உயர்ந்த இடம் பெற்றுள்ளது. சமய நூலில் ஊன்றி நின்றுகொண்டே உலகையும் படிக்கலாம் என்பதற்கு அவரே சான்று.

“நூல் வாங்கப் பணத்திற்கு எங்கே போவது?” என்று நீங்கள் கேட்பது நமக்குத் தெரிகிறது. தமிழகத்தில் செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் வாழ்ந்தார். விளம்பரப் பலகை எழுதுவது அவர் தொழில். பிறர் பழைய தாளென்று எடைக்குப் போட்ட நூல்களையும் இதழ்களையும் அவர் தேடித் தேடி வாங்கிச் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்தபோது ஏறத்தாழ 1,00,000 நூல்களும் பிற அச்சுப் பொருள்களும் அவர் தொகுப்பில் இருந்தன. சென்னையில் 1994இல் தொடங்கிய அவர் பெயர் தாங்கிய நூலகத்திற்கு அத்தொகுப்பே அடிப்படை.

அவ்வளவு பெரிய தொகுப்பு நமக்கு வேண்டியதில்லை. ஒரு தகரப்பெட்டி போதும். மாதம் 5 வெள்ளி ஒதுக்கினால் ஆண்டுக்கு 60 வெள்ளி ஆகும். 10 குடும்பங்கள் கூடினால் 600 வெள்ளி. ஒவ்வொரு குடும்பமும் வெவ்வேறு நூலை வாங்கி, மாதத்திற்கு ஒரு முறை மாற்றிக்கொள்ளலாம். ஒருவர் கொடுத்த 5 வெள்ளிக்கு 10 வீட்டு நூல்களும் படிக்கக் கிடைக்கும். வாங்கியவர் பெயரையும் நாளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தால் மனத்தாங்கல் வராது. கிழிந்த நூலுக்கு மாவுப் பசையால் தடித்த தாள் ஒட்டுங்கள். பெட்டியைத் தரையில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள்; தரையின் ஈரம் எளிதில் அணுகாது.

விலையின்றிப் படிக்கவும் வழியுண்டு. மாநிலப் பொது நூலகம் மலாக்கா நகரில் இருக்கிறது. மலாய் நூல்களையும் தயங்காமல் எடுத்துப் படியுங்கள். கைப்பேசி வைத்திருக்கும் இளைஞர்கள், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் வழியே பழந்தமிழ் நூல்களைக் காசின்றி இறக்கிக்கொள்ளலாம். பாரதியாரின் படைப்புகளுக்குரிய பதிப்புரிமையை 1949இலேயே சென்னை மாகாண அரசு பெற்று, பின்னர் பொதுவுடைமையாக்கியது. ஆதலின் அவை மலிவு விலையில் கிடைக்கின்றன.

இறுதியாக ஒன்று. பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன, சில வீட்டுமனைகளாகிவிட்டன. காலி செய்த லயமொன்றின் பின்புறம், மழையில் நனைந்து கிடந்த நூற்கட்டை நாம் கண்டோம். மேலேயிருந்த ஏட்டில் ஒரு தந்தை தம் பிள்ளைகளின் பிறந்த நாள்களை வரிசையாக எழுதி வைத்திருந்தார். சட்டியும் பானையும் வண்டியேறின, அந்நூல்கள் ஏறவில்லை.

1950களில் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி திரட்டியபோது, பல்கலைக்கழகத்தில் தமிழ் நூல்கள் சேர வேண்டுமென்று தோட்டத் தொழிலாளர்களும் தம் உழைப்பின் காசைக் கொடுத்தனர். அவர்களுள் பலர் அப்பல்கலைக்கழக வாயிலைக் கண்டதே இல்லை. அவர்தம் வழிவந்த நாம் நம் வீட்டுக்கு ஒரு பெட்டி நூல் சேர்க்க இயலாதா? மழை பெய்தால் வெட்டு இல்லை. அடுத்த மழைநாளில் அப்பெட்டியின் முதல் நூலைத் திறந்து, வீட்டார் கேட்க உரக்கப் படியுங்கள்.