உமிழ்நீர் சொல்லும் சாட்சி

(தெமோதரையில் ஆற்றிய உரை)



இவ்வூர்ப் புகைவண்டி நிலையத்தின் விந்தையை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. நிலையத்தை விட்டுப் பதுளைப் பக்கம் புறப்படும் வண்டி மலையைச் சுற்றி இறங்கி, அதே நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்தின் வழியே வெளிவருகிறது. கங்காணியார் ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டியதைக் கண்டே பொறியியலாளருக்கு அந்த யோசனை உதித்தது என்று ஒரு கதையும் உண்டு. கதை மெய்யோ பொய்யோ, நம் இளைஞர் சிலரின் வழக்கு அப்படித்தான் ஓடுகிறது. நீதிமன்றத்தை விட்டுப் புறப்படுகிறார்கள். சுற்றி வந்து அதே நீதிமன்றத்தின் அடியிலேயே நிற்கிறார்கள், முன்னிலும் தாழ்ந்த நிலையில்.

சிறு அளவு கஞ்சாவுடனோ தூளுடனோ பிடிபட்டவனைச் சிறைக்கு அனுப்பாமல், நிபந்தனைகளின் பேரில் ஊரிலேயே இருக்கவிடும் முறை இந்நாட்டில் புதிதன்று. நன்னடத்தைச் சட்டம் 1944இல் வந்தது. சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம் 1999இல் வந்தது. இரண்டும் நல்ல சட்டங்களே. சிறைக்குப் போன பையன் பெரிய கள்ளனிடம் பாடம் படித்து வருவான். ஊரில் இருப்பவன் வேலையும் செய்வான், வீட்டையும் பார்ப்பான். ஆனால் நிபந்தனையை மீறினான் என்று கண்டால், முதல் வழக்கின் தண்டனையையே நீதவான் விதிக்கலாம். மீறினானா இல்லையா என்பதை எதைக் கொண்டு அறிவது? இன்று நாம் பேச வந்தது இதைப் பற்றியே.

அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி, நன்னடத்தையில் விடப்பட்டவன் பதினைந்து நாட்களுக்குள் ஒரு சோதனைக்கும், பின்னர் குறைந்தது இரு சோதனைகளுக்கும் உட்பட வேண்டும். பெரும்பாலும் அது சிறுநீர்ச் சோதனை. அண்மைக் காலத்தில் உமிழ்நீர்ச் சோதனையும் அங்கே இடம் பிடித்து வருகிறது. நம் நாட்டிலும், வாகனம் ஓட்டுவோரை உமிழ்நீர் கொண்டு சோதிக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்துள்ளது. வீதிக்கு வருவது நாளை நன்னடத்தை அலுவலகத்துக்கும் வரும். வருமுன் அறிந்துகொள்வது நல்லது.

அது எவ்வாறு வேலை செய்கிறது? உட்கொண்ட போதைப்பொருள் இரத்தத்தில் கலந்து, உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வழியே வாய்க்குள் வருகிறது. 'ஐஸ்' எனப்படும் பொருள் இரத்தத்தில் உள்ளதைவிட உமிழ்நீரில் செறிவாகவே சேரும். கஞ்சாவின் கதை வேறு: புகைக்கும்போது வாயில் படிந்த மிச்சமே பெரும்பாலும் அகப்படுகிறது. பஞ்சு வைத்த ஒரு குச்சியை வாய்க்குள் சில நிமிடம் வைத்திருப்பார்கள். அதற்கு முன் பத்து நிமிடமாவது ஒன்றும் உண்ணவோ குடிக்கவோ கூடாது, வெற்றிலையும் கூடாது. (நம் பாட்டிமாருக்குத்தான் அது பெரிய தண்டனை!) பஞ்சில் ஊறிய நீர், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல், ஒரு தாள் பட்டையில் ஏறும்.

இங்கே கவனியுங்கள். அந்தப் பட்டையில் கோடு தோன்றினால் போதைப்பொருள் பிடிபடவில்லை என்று பொருள். தோன்றாவிட்டால்தான் சந்தேகம். பட்டையிலுள்ள நிறமேற்றிய துகள்கள், கோட்டின் இடத்தில் பூசப்பட்டிருக்கும் பொருளைப் பற்றிக்கொண்டு நிறம் காட்டுபவை. உமிழ்நீரில் போதைப்பொருள் இருந்தால், துகள்கள் வழியிலேயே அதைப் பற்றிக்கொள்ளும். கோட்டைச் சென்று பற்ற ஒன்றும் மிஞ்சாது. மங்கலான கோடும் கோடுதான். பட்டை சரியாக இயங்கியது என்று காட்டும் மற்றொரு கோடும் உண்டு. அது தோன்றாவிட்டால் அந்தச் சோதனையே செல்லாது. கருவுற்றதை அறியும் பட்டையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இவை தலைகீழாகத் தோன்றும். அவசரத்தில் பார்க்கும் உத்தியோகத்தருக்கும் அப்படித் தோன்றலாம் அல்லவா?

சிறுநீரைவிட உமிழ்நீருக்குச் சில நன்மைகள் உண்டு என்பதை மறைக்க மாட்டோம். சிறுநீர் கொடுக்கும்போது பிறர் நின்று பார்க்கும் இழிவு இதில் இல்லை. பெண்களுக்கு இது சிறிய காரியமன்று. நாளும் கஞ்சா புகைத்தவன் அதை விட்டு வாரக்கணக்கில் ஆன பிறகும் சிறுநீர் அவனைக் காட்டிக்கொடுக்கும். திருந்தியவனைப் பொய்யன் ஆக்கும் சாட்சி அது. உமிழ்நீரோ பெரும்பாலும் கடந்த ஓரிரு நாட்களைப் பற்றியே பேசும். அதன் குறைபாடும் அதுவே. வெள்ளிக்கிழமை உட்கொண்டவன் செவ்வாய்க்கிழமை தூயவனாகத் தெரிவான்.

ஹெரோயினை எடுத்துக்கொள்வோம். உடலுக்குள் சென்றதும் அது ஓர் இடைப்பொருளாக மாறி, பிறகு மோர்பின் ஆகிறது. கொடெயின் கலந்த இருமல் பாணியும் உடலில் ஒரு பகுதி மோர்பினாகவே மாறும். ஆகவே மோர்பினைக் கண்டவுடன் 'தூள் அடித்தான்' என்று தீர்ப்புச் சொல்வது பிழை. அந்த இடைப்பொருள் மட்டுமே ஹெரோயினைத் திட்டமாகச் சுட்டும். அது உமிழ்நீரில் கிடைக்கும். ஆனால் அதைத் தனியே பிரித்து உறுதிசெய்ய ஆய்வுகூடம் வேண்டும். மூக்கடைப்புக்கு உண்ணும் சில குளிசைகளும் 'ஐஸ்' போலப் பட்டையை ஏமாற்றக்கூடும். மலைநாட்டுக் குளிரில் இருமலும் சளியும் இல்லாத லயம் எங்கே இருக்கிறது? கசகசாவைப் பற்றிக் கேட்போருக்கு ஒரு வார்த்தை: தமிழகத்துச் சமையலில் சேரும் கசகசா அபினிச் செடியின் விதை, அது சோதனையில் தெரியலாம். நம் கடைகளில் பலூடாவில் மிதப்பது துளசி இனத்தின் விதை, அஞ்ச வேண்டியதில்லை.

எனவேதான் பட்டை வெறும் சல்லடை என்கிறோம். அமெரிக்க அரசின் உமிழ்நீர் விதிகள், முதற் சோதனையில் அகப்பட்டதை இரண்டாம் முறை கருவி கொண்டு அளந்தே முடிவு சொல்லவேண்டும் என்கின்றன. கஞ்சாவுக்கு அந்த இரண்டாம் அளவின் எல்லை ஒரு மில்லிலீற்றரில் 2 நானோகிராம். கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கே ஒரு நானோகிராம்! இதைக் கண்ணால் பார்த்துத் தீர்ப்பளிக்க முடியுமா? அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2004 டிசம்பரில் வீதியோர உமிழ்நீர்ச் சோதனை தொடங்கியபோது, பத்திரிகைக்காரர் முன்னிலையில் முதன்முதலில் 'அகப்பட்ட' சாரதியைப் பின்னர் ஆய்வுகூடம் விடுவித்தது. படம் மட்டும் நாடெங்கும் போய்விட்டது.

சோதனை மட்டும் ஒருவனைத் திருத்திவிடும் என்று நினைப்போருக்கு ஹவாய்த் தீவின் அனுபவத்தைச் சொல்வோம். நீதிபதி ஸ்டீவன் ஆம் 2004இல் அங்கே ஒரு முறையைத் தொடங்கினார். நன்னடத்தையில் உள்ளவன் காலைதோறும் தொலைபேசியில் கேட்கவேண்டும். அன்று அவன் முறையானால் சோதனைக்குப் போகவேண்டும். தவறினால் உடனே சில நாள் சிறை. முதலில் பெரும் பலன் கண்டதாகச் சொன்னார்கள். வேறு நான்கு மாநிலங்களில் செய்து பார்த்து 2016இல் வெளியிட்ட ஆய்வு, மொத்தத்தில் பழைய முறைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை என்றது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். 2023 டிசம்பர் 17இல் 'யுக்திய' நடவடிக்கை தொடங்கியது. ஒரு மாதத்துக்குள் ஏறத்தாழ 29,000 பேர் கைதானதாக ஐக்கிய நாடுகள் மனித உரிமை அலுவலகம் கூறிக் கவலை தெரிவித்தது. ஆட்களை வலைவீசிப் பிடிப்பது எளிது. சோதிப்பதற்கு மலைநாட்டில் என்ன வசதி இருக்கிறது? உறுதிசெய்யும் கருவிகளெல்லாம் கொழும்புப் பக்கம். பதுளையிலிருந்து அது ஏறக்குறைய 290 கிலோமீற்றர் புகைவண்டிப் பாதை. முடிவு வரும்வரை பையன் எங்கே இருப்பான்? வழக்குத் தவணைக்குப் போன ஒவ்வொரு நாளும் பிரட்டில் பெயர் விழாது. அந்த நாளின் சம்பளத்தை யார் கொடுப்பார்கள்? 'புனர்வாழ்வு' என்ற சொல்லைக் கேட்டாலே நம் தாய்மார் நடுங்குகிறார்களே, ஏன்? 2000 ஒக்டோபர் 25இல், இங்கிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள பிந்துனுவெவவில், புனர்வாழ்வு நிலையத்துக்குள்ளேயே தமிழ் இளைஞர்கள் கொல்லப்பட்டதை அவர்கள் மறக்கவில்லை.

மொழியையும் சொல்லவேண்டும். எல்ல, ஹாலி-எல, பண்டாரவளை முதலிய பிரிவுகள் 1999இல் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டன. அறிவித்து கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. தனக்கு விளங்காத மொழியில் எழுதிய தாளில் கைநாட்டு வைத்துத் தன் வாய்நீரைக் கொடுக்கவேண்டிய நிலை ஒரு கொழுந்துக்காரியின் மகனுக்கு வரலாமா?

நாம் சோதனையை எதிர்க்கவில்லை. தூளும் ஐசும் நம் லயங்களைத் தின்பதைக் கண்ணால் காண்கிறோம். நாம் கேட்பது இவ்வளவே: எடுக்கும் மாதிரியை இரண்டாகப் பிரித்து ஒன்றை முத்திரையிட்டு வையுங்கள், ஆய்வுகூடம் உறுதிசெய்யும்வரை எவனையும் சிறைக்கு அனுப்பாதீர்கள், தாளைத் தமிழில் கொடுங்கள், பதுளையிலேயே ஓர் ஆய்வுகூடம் அமையுங்கள். இங்கு வந்திருக்கும் சட்டத்தரணிகள் இதை நீதிமன்றத்தில் கேட்கவேண்டும். மருத்துவர்கள் எழுத்தில் கேட்கவேண்டும்.

தாய்மார்களுக்கு ஒன்று. உங்கள் பிள்ளை நன்னடத்தையில் இருந்தால், ஆஸ்பத்திரியில் கொடுத்த இருமல் பாணியின் பெயரையும் குளிசையின் பெயரையும் எழுதிய துண்டை எறிந்துவிடாதீர்கள். சோதனைக்குப் போகும் நாளில் அதை அவன் சட்டைப்பையில் வைத்து அனுப்புங்கள்; குச்சியை வாயில் வைக்குமுன் உத்தியோகத்தரிடம் காட்டி, பதிவுசெய்யும்படி கேட்கச் சொல்லுங்கள்.