வாத்தலகுப் பிராணியும் ஐரோப்பியப் பண்டிதர்களும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஒரு சிறு பிராணியைப் பற்றியது. ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பாகத்து ஆறுகளிலும் ஓடைகளிலும், டாஸ்மேனியாத் தீவிலும் அது வசிக்கிறது. பூனையை விடச் சிறியது. உடம்பெல்லாம் அடர்ந்த ரோமம், வாயோ வாத்தின் அலகு போன்றது, விரல்களுக்கிடையே சவ்வு, வால் தட்டை, ஆண் பிராணிக்குப் பின்னங்காலில் விஷ முள். இவ்வளவும் போதாதென்று அது முட்டையும் இடுகிறது, பொரித்து வந்த குட்டிக்குப் பாலும் கொடுக்கிறது. பிளாட்டிபஸ் என்பது அதன் இங்கிலீஷ்ப் பெயர்.

“இதென்ன, புராணம் படிக்க வந்துவிட்டாயா?” என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாகக் கேளுங்கள். சீமையில் பெரிய பெரிய பண்டிதர்களும் முதலில் அப்படித்தான் கேட்டார்கள். அவர்கள் அப்படிக் கேட்டதில் தப்பே கிடையாது. பிற்பாடு நடந்ததுதான் நாம் யோசிக்க வேண்டிய சங்கதி.

1797-ம் வருஷம் நியூ சௌத் வேல்ஸ் கவர்னராயிருந்த ஜான் ஹண்டர் என்பவர், ஹாக்ஸ்பரி ஆற்றுக்குப் பக்கத்து நீர்நிலை ஒன்றில் பூர்வகுடி மனிதர் ஒருவர் இந்தப் பிராணியை ஈட்டியால் குத்திப் பிடித்ததைப் பார்த்தார். பிறகு அதன் தோலையும் ஒரு படத்தையும் இங்கிலாந்தில் நியூகாஸில் நகரத்துச் சங்கத்துக்கு அனுப்பி வைத்தார். 1799-ல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஷா என்பவர் ஒரு தோலைப் பரிசோதித்து, முதன்முதலாக அதை வர்ணித்துப் பெயரிட்டார். பெயரிடும்போதே, யாரோ ஒரு மிருகத்தின் தலையில் வாத்தின் அலகை ஒட்டி ஏமாற்றியிருக்கலாமோ என்ற சந்தேகம் எழாமல் இருக்க முடியாதென்றும், தம் கண்ணையே தம்மால் நம்ப முடியவில்லையென்றும் ஒளிக்காமல் எழுதினார். இப்படிப்பட்ட விஷயத்தில் சந்தேகப்படுவது மன்னிக்கத்தக்கது மாத்திரமல்ல, மெச்சத்தக்கதே என்பதும் அவர் கொள்கை.

இந்தச் சந்தேகத்துக்குக் காரணமும் இருந்தது. அக்காலத்தில் குரங்கின் மேலுடம்பையும் மீனின் வாலையும் சேர்த்துத் தைத்து, “இதோ கடற்கன்னி” என்று மாலுமிகளிடம் காசு பறிக்கும் வியாபாரம் கிழக்குக் கடல்களில் நடந்து வந்தது. ராபர்ட் நாக்ஸ் என்ற எடின்பரோ வைத்தியர் 1823-ல் இதைக் குறிப்பிட்டு, பிளாட்டிபஸ் தோல்கள் இந்து மகாசமுத்திர வழியாக வந்த கப்பல்களில் வந்ததே பண்டிதர்களுக்குச் சந்தேகம் உண்டாகப் போதுமானதாயிருந்தது என்று எழுதினார். பழியை முழுக்கச் சீனாக்காரர் தலையிலேயே சுமத்தினார். தைத்தவனைச் சொன்னாரே யொழிய, காசு கொடுத்து வாங்கி ஊரூராய்க் காட்டிப் பணம் சேர்த்த வெள்ளைக்காரனைச் சொல்லவில்லை. அது கிடக்கட்டும்.

ஷா என்ன செய்தார்? சந்தேகப்பட்டார், சந்தேகப்பட்டதோடு உட்கார்ந்துவிடாமல் தோலை நுணுக்கமாகப் பரிசோதித்தார். கத்தரிக்கோலால் வெட்டித் தையலைத் தேடினார் என்றுகூட ஒரு கதை வழங்குகிறது. அது எப்படியிருந்தாலும், மோசடிக்கு அடையாளம் அகப்படவில்லையென்றதும் ஏற்றுக்கொண்டார். 1800-ல் ஜெர்மனியில் புளூமன்பாக் என்ற பேராசிரியரும் தனியாக ஒரு பெயர் வைத்தார். பிளாட்டிபஸ் என்ற பெயர் முன்னமே ஒரு வண்டினத்துக்கு இடப்பட்டிருந்ததால், ஷா வைத்த பாதியும் புளூமன்பாக் வைத்த பாதியுமாகச் சேர்ந்து ‘ஆர்னித்தோரிங்கஸ் அனாட்டினஸ்’ என்பது அதன் சாஸ்திரப் பெயராயிற்று. இதுவரையில் எல்லாம் யோக்கியமாகத்தான் நடந்தது.

தகராறு எங்கே வந்ததென்றால், இதை எந்த வகுப்பில் சேர்ப்பது என்பதில்தான். ரோமமும் பாலும் உள்ளது ஒரு வகுப்பு. முட்டையிடுவது வேறு வகுப்பு என்று பண்டிதர்கள் கோடு கிழித்து வைத்திருந்தார்கள். 1802-ல் எவரார்டு ஹோம் அறுத்துப் பார்த்தார், முலைக்காம்பு இல்லை. பிரான்ஸில் ழெப்ரவா ஸெந்திலேர் என்பவர், “இது முட்டையிடும் ஜாதி, ஆகையால் பாலூட்டியாக இருக்கவே முடியாது” என்றார். 1824-ல் மெக்கல் என்ற ஜெர்மானியர் பால் சுரப்பியைக் கண்டுபிடித்துச் சொன்னார். ழெப்ரவா ஒப்பினாரா? அது பால் சுரப்பியே அல்ல என்று சாதித்தார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பது நம் ஊர்ப் பழமொழி. பாரிஸிலும் அந்த முயல் ஓடிக்கொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்த மால் என்ற பட்டாள உத்தியோகஸ்தர், தோலிலிருந்து பால் கசிவதைக் கண்ணால் பார்த்ததையும், வளையில் முட்டை ஓட்டுத் துண்டுகள் கிடந்ததையும் லண்டனுக்குத் தெரிவித்தார். முலைக்காம்பு இல்லாமலே ரோமத்தினூடே பால் கசிகிறது, குட்டி அதை நக்கிக் குடிக்கிறது என்பதே உண்மை.

லண்டனில் ரிச்சர்டு ஓவன் என்பவர் மகா கீர்த்தி வாய்ந்த பண்டிதர். 1832-ல் பால் உண்டென்பதை ஊர்ஜிதம் செய்தார். பால் இருப்பதால் வெளியில் முட்டையிடாது, முட்டை வயிற்றுக்குள்ளேயே பொரித்துக் குட்டியாகத்தான் வரும் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். மால் கண்ட ஓட்டுத் துண்டுகள் அந்தத் தீர்ப்பை அசைக்கவில்லை.

தோழர்களே! இங்கேதான் கவனிக்க வேண்டும். ஆற்றங்கரையிலேயே பிறந்து, இந்தப் பிராணியை வளையிலிருந்து தோண்டியெடுத்துத் தின்று வாழ்ந்த பூர்வகுடி மக்கள், அது முட்டையிடும் என்று சொன்னார்கள். ஓவனின் சிநேகிதர் ஜார்ஜ் பென்னட் 1832-ல் அங்கே போய் விசாரித்தார். முட்டை எப்படியிருக்கும் என்று பலரைக் கேட்டு, பதில்கள் ஒத்துப்போகவில்லை என்று அவர்கள் சாட்சியத்தையே தள்ளிவிட்டார். பாஷை சரியாகத் தெரியாத ஒருவன் வந்து கேட்டால் பதில் முன்பின்னாகத்தான் இருக்கும். ஆனால் “முட்டை உண்டு” என்ற பேச்சைத் தள்ளினவர்கள், “முட்டை இல்லை” என்ற ஓவனின் யூகத்துக்கு என்ன ருஜு கேட்டார்கள்? ஓவனோ ஆஸ்திரேலியாவில் காலே வைத்ததில்லை.

சரி, காட்டு ஜனங்கள் சொன்னதுதான் ஏறவில்லை. படித்த வெள்ளை வைத்தியர் சொன்னாலாவது ஏறிற்றா? விக்டோரியாவில் பிடித்துக் கட்டி வைத்திருந்த பிளாட்டிபஸ் ஒன்று இரண்டு முட்டையிட்டதாக நிக்கல்ஸன் என்ற வைத்தியர் 1864-ல் ஓவனுக்கே எழுதினார். ஓவன் என்ன பதில் கண்டுபிடித்தார் தெரியுமா? பயத்தினால் கர்ப்பம் கலைந்து விழுந்திருக்கும் என்றார்! ஷாவுக்கு வந்த சந்தேகம் தோலைப் புரட்டிப் பார்க்கச் சொல்லிற்று. ஓவனுக்கு வந்த சந்தேகம் கண்ணெதிரே முட்டையிருந்தும் அதை முட்டையல்லவென்று சொல்லச் சொல்லிற்று. இரண்டையும் சந்தேகம் என்ற ஒரே பெயரால் நாம் அழைத்து வருகிறோம்.

கடைசியில் கேம்பிரிட்ஜிலிருந்து கால்டுவெல் என்ற இளைஞர் வந்தார். குவீன்ஸ்லாந்தில் பர்னெட் ஆற்றங்கரையில் முகாம் போட்டார். ஏறக்குறைய 150 பூர்வகுடிகளை வேலைக்கு அமர்த்தினார். 1884 ஆகஸ்டில் சுடப்பட்ட ஒரு பெண் பிளாட்டிபஸ் அப்போதுதான் ஒரு முட்டையிட்டிருந்தது; இன்னொன்று கருப்பையில் இருந்தது. கால்டுவெல் நாலே வார்த்தையில் தந்தி கொடுத்தார்: இந்தப் பிராணிகள் முட்டையிடுகின்றன, கரு வளர்வது பறவை முட்டையிற் போல என்பது அதன் தாத்பரியம். செப்டம்பர் 2-ந் தேதி கனடாவில் மாண்ட்ரீல் நகரத்தில் கூடியிருந்த பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் மகாநாட்டில் தந்தி படிக்கப்பட்டது. அதே தேதியில் அடிலெய்டில் ஹாக்கே என்பவர், இதன் உறவான எக்கிட்னா என்ற முள்ளுடம்புப் பிராணியின் முட்டையைச் சபையில் காட்டினார். 85 வருஷத் தகராறு ஒரே நாளில் பைசலாயிற்று.

தந்தியில் இல்லாத ஒரு சமாச்சாரமும் உண்டு. அதைக் கால்டுவெல்லே பின்னால் தம் அறிக்கையில் எழுதியிருக்கிறார். பெண் எக்கிட்னா ஒன்றுக்கு அரை கிரவுன் கூலி. அந்த ஜனங்களுக்கு மாவும் தேயிலையும் சர்க்கரையும் விற்றவரும் அவரே. பிராணிகள் அதிகமாக வர வர, அவற்றின் விலையை ஏற்றிக்கொண்டே போனார். கொடுத்த கூலியெல்லாம் சாமானுக்கே சரியாய்ப் போயிற்று; வயிறு நிறைந்தால் வேட்டைக்குப் போகமாட்டார்களாம், ஆகையால் அரைப்பட்டினியாகவே வைத்திருந்தாராம். அவர்களைச் சோம்பேறிகள் என்றும் அதே இடத்தில் எழுதியிருக்கிறார். அந்தச் சோம்பேறிகள் கொண்டுவந்து குவித்த பிராணிகளைக் கொண்டுதான் அவருடைய ஆராய்ச்சி நடந்தது.