மயக்க மருந்தும் மூச்சும்

"மயக்கத்தில் அம்மாவின் மூச்சு நின்றுவிடாதா, ஐயா?" பொழிச்சலூரில் எங்கள் தெரு மாணவர் ஒருவர், தம் தாயாரின் அறுவைச் சிகிச்சைக்கு முதல் நாள் இவ்வாறு வினவினார். நேயர்களே, அந்த அச்சம் பொருளற்றதன்று.

அக்காலத்தில் நோயாளியை நுகரச் செய்த மருந்து குளோரோபாம். 1888, 1889-ஆம் ஆண்டுகளில் ஐதராபாத்தில் எட்வர்டு லாரி என்னும் மருத்துவர், நிஜாமின் ஆதரவுடன் விலங்குகளிடம் அதனை ஆராய்ந்தார். முதலில் நிற்பது மூச்சே. அதனைக் கவனித்தாற் போதும் என முடிவு கூறினார். அம்முடிவு பிழையாயிற்று. இலேசான மயக்கத்திலேயே குளோரோபாம் இதயத் துடிப்பைத் திடீரெனச் சிதைக்கக் கூடும் என்று 1911-இல் லெவி என்பார் பூனைகளிடம் கண்டறிந்தார்.

இன்று குளோரோபாம் அறுவைக் கூடத்தில் இல்லை. செவோஃபுளூரேன் போன்றவை நுரையீரல் வழியே குருதியிற் கலந்து மூளையை எய்துகின்றன, நினைவு மறைகின்றது. இவற்றாலும் மூச்சின் ஆழம் குறையும். குருதிக் குழாய்கள் தளர்ந்து அழுத்தம் தாழும். ஆகவே மயக்க மருத்துவர் தலைமாட்டை விட்டகலாது மூச்சு, நாடி, குருதியழுத்தம், குருதியிலுள்ள ஆக்சிஜன் ஆகியவற்றை இடைவிடாது கண்காணிக்கின்றார். மருந்தை நிறுத்தியதும், அது பெரும்பாலும் வந்த வழியே மூச்சோடு வெளியேறுகின்றது.

"நின்றுவிடாமற் காப்பதற்கென்றே ஒருவர் அருகிலிருப்பார், தம்பி" என்றேன். மறுநாள் மாலை, தாயார் கண் விழித்த செய்தியை அவரே வந்து சொன்னார்.