பழைய கருவிக்குப் புதிய இயங்குதளம்



மாற்றல் உத்தரவு வந்து, வீட்டைக் காலி செய்து மூட்டை கட்டும் வேளையிலேதான், மறந்துபோன பல பொருள்கள் நம் கண்ணிற் படுகின்றன. ஊர்விட்டு ஊர் வந்து வாழ்வோர்க்கு இது பழகிய செய்தி. அவ்வாறு மேசை இழுப்பறையிலிருந்து, உள்ளங்கையில் அடங்கும் பழைய கணினி ஒன்று கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது உடையவில்லை, ஆயினும் பயன்படவில்லை. அதனை எடைக்குப் போட்டுவிடுவதா, அன்றி வேறு வழி உண்டா? இவ்வினாவுக்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

பொதுப்படப் பேசுவதினும் ஒரு கருவியைக் குறித்துப் பேசுவது தெளிவு தரும். அமெரிக்க நாட்டுக் காம்பாக் நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஐபாக் 3600 வரிசைக் கணினியை எடுத்துக்கொள்வோம். 206 மெகாஹெர்ட்சு வேகத்துடிப்புள்ள ஸ்ட்ராங்ஆர்ம் சில்லு, 32 மெகாபைட்டு ராம் நினைவகம், 16 மெகாபைட்டு ஃபிளாஷ் நினைவகம், 240-க்கு 320 புள்ளிகள் கொண்ட வண்ணத்திரை ஆகியவை இதன் உறுப்புகள். இக்காலத்துக் கைப்பேசியோடு ஒப்பிட்டால் இவை மிகச் சிறியவை. ஆனால், குறிப்பெழுதவும், கணக்கு வைக்கவும், நூல் படிக்கவும் இவையே போதும்.

உறுப்புகள் எத்துணை நல்லவையாயினும், அவற்றை ஏவி வேலை வாங்க ஓர் இயங்குதளம் வேண்டும். ஐபாக்குடன் வந்தது மைக்ரோசாப்டு நிறுவனத்தின் விண்டோஸ் சிஇ. அதில் ஒரு குறை இருந்தது. நாம் எழுதிவைக்கும் முகவரிகளும் குறிப்புகளும் ராம் நினைவகத்திலேயே தங்கின. ராம் என்பது மின்சாரம் உள்ளவரைதான் எதனையும் நினைவில் வைக்கும். மின்கலம் முற்றும் தீர்ந்துபோனால், எழுதியவை யாவும் அழிந்தன. நாள்தோறும் மின்னேற்றம் செய்ய இயலாதவருக்கு இது பெரும் இழப்பு. அக்குறையை நீக்க விரும்பினாலும் உரிமையாளரால் இயலாது. அவ்வியங்குதளத்தின் மூலநிரல் அவரிடம் இல்லை. கருவி அவருடையது, அதனை ஆளும் நிரலோ பிறருடையது. சொந்த வீட்டிலேயே குடிக்கூலிக்காரர்போல் இருக்கும் நிலை இது.

இந்நிலை மாறிய விதம் அறியத்தக்கது. மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் காம்பாக் நிறுவனத்துக்கே ஓர் ஆய்வுக்கூடம் இருந்தது. அங்கிருந்தோர் லினக்ஸ் இயங்குதளத்தை ஐபாக்கின்மேல் இயங்கச் செய்தனர். லினக்ஸ், 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி, பின்னர் உலகோர் பலர் கூடி வளர்த்தது. மூலநிரல் யாவர்க்கும் கிடைப்பது. இவ்வாய்வாளர்கள் கருவியின் தொடக்கநிரலையும் புதிதாக எழுதி வெளியிட்டனர். இந்த அடித்தளத்தின்மேல் தன்னார்வலர் கூடி அமைத்த லினக்ஸ் தொகுப்பு ஃபெமிலியர் எனப் பெயர் பெற்றது.

தொடக்கநிரல் என்பது யாது? விசையை அழுத்தியதும் முதன்முதல் விழித்தெழுந்து, எந்த இயங்குதளத்தை ஏற்றுவது என்று முடிவு செய்யும் சிறு நிரலே அது. பூட்லோடர் என்பர் தொழிலறிந்தோர். வாயிற்காவலன் இசைந்தாலன்றி வீட்டினுள் புதியவர் நுழைதல் இயலாது. ஆதலின், புதிய இயங்குதளத்தை நிறுவும் பணி, இந்தக் காவலனை மாற்றுவதில் தொடங்குகிறது.

முதற்படி, உள்ளதைக் காத்துக்கொள்வது. பூட்பிளாஸ்டர் என்னும் சிறு நிரலை விண்டோஸ் சிஇ-யிலேயே இயக்கி, பழைய தொடக்கநிரலையும் பழைய இயங்குதளத்தையும் படியெடுத்து, மேசைக் கணினியில் சேமிக்க வேண்டும். இப்படி இருந்தால், மனம் மாறும்போது பழைய நிலைக்குத் திரும்பலாம்.

இரண்டாம் படி, அதே நிரலைக் கொண்டு புதிய தொடக்கநிரலை ஃபிளாஷ் நினைவகத்தின் முதற்பகுதியில் எழுதுவது. இதற்குச் சில நொடிகளே ஆகும். ஆயினும் முழுப்பணியிலும் இடர் மிக்கது இதுவே. இடையில் மின்சாரம் நின்றாலும், விசையை அழுத்தினாலும், பழைய காவலனும் இல்லை, புதிய காவலனும் இல்லை என்றாகிவிடும். கருவி விழித்தெழாது. ஆகவே மின்னிணைப்பில் வைத்துக்கொண்டே இதனைச் செய்தல் வேண்டும். எழுதி முடித்தபின், சரியாக எழுதப்பட்டதா என்று அந்நிரலைக் கொண்டே சரிபார்க்க வேண்டும். சரி என்னும் விடை வரும்வரை கருவியை மறுதொடக்கம் செய்யலாகாது.

மூன்றாம் படி, சீரியல் கேபிளால் கருவியை மேசைக் கணினியோடு இணைத்து, லினக்ஸ் தொகுப்பை அனுப்புவது. இணைப்பின் வேகம் நொடிக்கு 1,15,200 பிட்டு. அதாவது, ஏறத்தாழ 11 கிலோபைட்டு. 10 மெகாபைட்டுக் கோப்பு சென்று சேரக் கால்மணி நேரம் ஆகும். பொறுமையே இங்குத் தேவை. கோப்பு முழுவதும் சேர்ந்து, ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதப்பட்ட பின், கருவியை லினக்ஸில் தொடங்கச் செய்யலாம்.

இதனால் விளைந்த பயன்கள் இரண்டினைச் சொல்வேன். முதலாவது, எழுதியவை நிலைத்தன. ஃபெமிலியர் தன் கோப்புகளை ஃபிளாஷ் நினைவகத்தில், ஜேஎஃப்எஃப்எஸ்2 என்னும் முறையில் வைத்தது. ஃபிளாஷ் நினைவகம் மின்சாரம் இன்றியும் நினைவு காப்பது. ஆனால் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் அழித்தெழுதினால் தேய்ந்துபோவது. இம்முறை, எழுத்துப்பணியை எல்லா இடங்களுக்கும் பகிர்ந்தளித்து அத்தேய்வைத் தாமதப்படுத்துகிறது. எதிர்பாராது மின்சாரம் நின்றாலும் கோப்புகள் குலையாதிருக்கவும் வழி செய்கிறது. மின்கலம் தீர்ந்த கருவியை ஒரு திங்கள் கழித்து எடுத்தாலும் முகவரிகள் அப்படியே இருக்கும்.

இரண்டாவது, அங்குப் பயின்ற திறன் வேறிடங்களுக்கும் பரவியது. இத்தகைய சிறு கருவிகளுக்கு லினக்ஸ் அமைத்தோரின் முயற்சிகள் சேர்ந்து, 2003-இல் ஓப்பன்எம்பெடட் என்னும் பொதுத்திட்டம் உருவாயிற்று. அதனை அடியாகக் கொண்ட யாக்டோ திட்டம் 2010-இல் அறிவிக்கப்பட்டது. தொலைத்தொடர்புச் சாதனங்கள், ஊர்திகள், தொழிற்சாலைக் கருவிகள் ஆகியவற்றுக்கு லினக்ஸ் அமைக்க இன்று அது பயன்படுகிறது. ஓய்வு நேரத்தில் பழுது பார்த்தவர் கைப்பழக்கம் ஒரு தொழிலுக்கே அடித்தளம் ஆயிற்று.

நம் நாட்டினரும் இத்துறையில் பின்தங்கியிருக்கவில்லை. பெங்களூரில், இந்திய அறிவியற் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் கூடிச் சிம்ப்யூட்டர் என்னும் கையடக்கக் கணினியை வகுத்தனர். அதன் தொடக்ககால வடிவிலும் ஐபாக்கில் இருந்த ஸ்ட்ராங்ஆர்ம் சில்லே அமைந்தது. அது முதலிலிருந்தே லினக்ஸைக் கொண்டது; எளிமை, மலிவு, பன்மொழி என்பனவே அதன் குறிக்கோள்கள். வாணிகத்தில் அது எதிர்பார்த்த வெற்றியைப் பெறவில்லை. எனினும், மக்கள் தம் மொழியில் கையாளும் கணினிக்குத் திறந்த இயங்குதளமே ஏற்றது என்று அவர்கள் தேர்ந்தது கருதத்தக்கது.

இன்று இம்முயற்சியில் இறங்குவோர் சிலவற்றை நினைவிற் கொள்ள வேண்டும். ஃபெமிலியர் தொகுப்பு வளர்ச்சி நின்று பல்லாண்டுகள் ஆயின. கோப்புகளைப் பழஞ்சேமிப்புகளில் தேடிப் பெற வேண்டும். கிடைத்தால் தமக்கென ஒரு படி வைத்துக்கொள்வது அறிவுடைமை. இக்காலக் கணினிகள் பலவற்றில் சீரியல் துளை இல்லாமையால், யுஎஸ்பி மாற்றி ஒன்று தேவைப்படும். கருவியின் மின்கலம் உப்பியிருந்தால், முதலில் அதனை அகற்றிவிட வேண்டும். அதற்கு மின்னேற்றம் செய்வது தீவிபத்துக்கு இடமாகும். பழைய நிரல்களிலுள்ள பாதுகாப்புக் குறைகளைத் திருத்துவார் இன்று இல்லை. ஆதலின் அக்கருவியில் வங்கிக் கணக்கு முதலியவற்றைக் கையாளுதல் தகாது. குறிப்பேடாகவும், நூல் படிக்கும் பலகையாகவும், பிள்ளைகள் கணினியின் உள்ளமைப்பைக் கற்கும் பாடக்கருவியாகவும் அது இனிது பயன்படும்.

தில்லியின் சீலம்பூர் போன்ற இடங்களில் நாள்தோறும் பிரித்துடைக்கப்படும் மின்னணுக் கழிவுகளில், உறுப்புக் கெடாத கருவிகளும் உண்டு. அவற்றை அங்குக் கொண்டு சேர்ப்பது பல வேளைகளில் தேய்மானம் அன்று. ஆதரவு நின்றுபோன நிரலே. ஐபாக்கின் வாயில் திறக்கக் கூடியதாய் இருந்தமையாலேயே அதற்கு இரண்டாம் வாழ்வு கிடைத்தது. இன்றைய கைப்பேசிகளிற் சிலவற்றின் தொடக்கநிரலை உரிமையாளர் திறக்கலாம். வேறு பலவற்றில் அதற்கு இசைவில்லை. ஆகவே, புதிய கருவி வாங்கும்போது விலையையும் நிறத்தையும் மட்டும் கேளாமல், இதன் தொடக்கநிரலை உரிமையாளர் மாற்றலாமா, இதற்கு எத்தனை ஆண்டு திருத்தங்கள் கிடைக்கும் என்னும் இரண்டு வினாக்களையும் கேளுங்கள். விற்பவருக்கு விடை தெரியாமற் போகலாம். ஆனால், கேட்போர் பெருகினால் விடை சொல்ல வேண்டிய கடமை செய்வோருக்கு வந்து சேரும்.