வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கும் நாய்

நாய் வளர்ப்போர் தம் நாயின் நற்குணங்களைப் பிறரிடம் சொல்லி மகிழ்வது வழக்கம். ஆனால் ஒரு குறையைப் பற்றி மட்டும் அவர்கள் எளிதில் வாய் திறப்பதில்லை. கூடத்து மூலையிலும், கட்டிலின் காலடியிலும், விரித்த ஜமக்காளத்தின் மீதும் அது திரும்பத் திரும்பச் சிறுநீர் கழித்து விடுகிறது என்பதே அக்குறை. கேட்பதற்கு இது சிறு விஷயமாகத் தோன்றலாம். எனினும், ஆசையோடு கொண்டுவந்த நாய் அடிபடுவதற்கும், சில சமயம் தெருவில் விடப்படுவதற்கும் இதுவே காரணமாகி விடுகிறது. ஆகையால் இதைக் குறித்துச் சற்றுச் சிந்திப்பது பயனற்ற வேலை ஆகாது.

நாய் இயல்பிலேயே அசுத்தமான பிராணி என்று எண்ணுவது தவறு. பிறந்த குட்டியால் தானாகச் சிறுநீர் கழிக்க இயலாது. தாய் நக்கிக் கொடுத்தே அதைக் கழிக்கச் செய்கிறது. ஏறக்குறைய மூன்று வாரம் ஆனதும் குட்டி தள்ளாடி நடந்து, தான் உறங்கும் இடத்தை விட்டு விலகிச் சென்று கழிக்கத் தொடங்குகிறது. சுத்த உணர்ச்சியின் வித்து அப்போதே அதனிடம் இருக்கிறது. ஆனால் நம் வீடு முழுவதும் வசிக்கும் இடம் என்பது அதற்குத் தெரியாது. தான் படுக்கும் சாக்கு ஒன்றே அதன் வீடு. எதிர் மூலை அதற்கு வெளியிடம். அந்த மூலையும் வீடுதான் என்று கற்பிப்பதே நம்முடைய பொறுப்பு.

கற்பிக்கும் முறை கடினமானதன்று, பொறுமைதான் வேண்டும். இரண்டு மாதக் குட்டியால் பகலில் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க இயலாது. உறங்கி எழுந்தவுடன், உணவு உண்டபின், விளையாடி முடித்தபின் ஆகிய மூன்று வேளைகளிலும் அதைத் தவறாமல் ஒரே இடத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். தடுப்பூசிகள் முடியாத குட்டியைப் பிற நாய்கள் திரியும் தெருவுக்குக் கொண்டு செல்லுதல் நன்றன்று. மாடி வீடுகளில் வசிப்போர் மண் பரப்பிய தட்டையோ பழைய செய்தித்தாளையோ பயன்படுத்தலாம். உரிய இடத்தில் கழித்து முடித்த அக்கணமே ஒரு நல்ல சொல்லும், ஒரு சிறு தின்பண்டமும் கொடுத்தல் வேண்டும். வீட்டுக்குள் திரும்பிய பிறகு கொடுத்தால், எதற்காகக் கிடைத்தது என்று அதற்கு விளங்காது. அசுத்தத்துக்கு அஞ்சித் தண்ணீரைக் குறைப்போரும் உளர். அது உடலுக்குத் தீங்கு.

அடித்துத் திருத்தலாம் என்பது பலருடைய எண்ணம். காலையில் நேர்ந்த பிழைக்கு மாலையில் மூக்கைத் தரையில் தேய்த்துத் தண்டிப்போரையும் காண்கிறோம். நாய் அப்போது தலை கவிழ்ந்து வாலை ஒடுக்கும். செய்த குற்றத்தை அது உணர்ந்து விட்டதாக நாம் கருதுகிறோம். உண்மையில் அது நம் கோபத்தைக் கண்டு அஞ்சுகிறதேயன்றி, பழைய செயலை அந்தத் தண்டனையோடு இணைத்துப் பார்ப்பதில்லை. அடி அதற்குக் கற்பிப்பது ஒன்றுதான்: எஜமானர் கண்ணில் படாமல் கழிக்க வேண்டும் என்பது. அதன் பிறகு அது சோபாவின் பின்புறத்தைத் தேடும். பிராணிகளை அடித்துத் துன்புறுத்துவதும், பட்டினி கிடக்கும்படி கைவிடுவதும் 1960ஆம் ஆண்டு பிராணி வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றங்களாகும் என்பதையும் நினைவிற் கொள்ளல் நலம்.

ஒருமுறை கழித்த இடத்திலேயே மீண்டும் கழிப்பதற்கு வாசனையும் ஒரு காரணம். ஃபினாயில் நம் மூக்கை ஏமாற்றும். நம்மைவிடப் பன்மடங்கு கூர்மையான நாயின் மூக்கை ஏமாற்றாது. அம்மோனியா கலந்த திரவங்களோ சிறுநீரின் வாடையையே ஒத்திருப்பவை. ஈரத்தை முதலில் துணியால் ஒற்றியெடுத்து, நீரால் கழுவி, பிறகு சிறுநீரைச் சிதைக்கும் நொதிகள் அடங்கிய திரவத்தைத் தெளித்து உலரவிடுவதே சரியான வழி. இத்தகைய திரவங்கள் வளர்ப்புப் பிராணிகளுக்கான கடைகளில் கிடைக்கின்றன.

இனி, பழகிய நாயே தவறு செய்தால் காரணத்தை ஆராய வேண்டும். காலைத் தூக்கிச் சுவரிலும் நாற்காலிக் காலிலும் சிறிதளவே விடும் ஆண் நாய், தன் எல்லையைக் குறிக்கிறது. கருத்தடைச் சிகிச்சை செய்தால் பல நாய்களில் இப்பழக்கம் குறையும். நாம் வாசலில் நுழைந்ததும் பணிந்து குழைந்து சிறுநீர் விடும் இளநாய், பணிவின் மிகுதியால் அவ்வாறு செய்கிறது. குனிந்து கொஞ்சாமல் அமைதியாக உள்ளே வந்தால் நாளடைவில் மாறும். தீபாவளி வெடியோசையில் நிலைகுலையும் நாய்க்கு வேண்டியது அடியன்று. ஒதுங்க ஓர் அமைதியான அறை.

இவையனைத்திற்கும் முன்னதாக நோய் உண்டா என்று பார்ப்பதே முறை. இதை நாம் பிழை செய்தே கற்றோம். எங்கள் இல்லத்தில் நான்கு ஆண்டுகள் ஒழுங்காக இருந்த பெட்டை நாய், திடீரென்று கூடத்தில் சொட்டுச் சொட்டாகக் கழிக்கத் தொடங்கியது. பிடிவாதம் என்று எண்ணிப் பத்து நாட்கள் அதட்டினோம். ஒருநாள் கை நீட்டியும் விட்டோம். பதினோராம் நாள் சிறுநீரில் இரத்தம் கண்டபின்தான் கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். எக்ஸ்ரே படத்தில் சிறுநீர்ப்பையில் கற்கள் தெரிந்தன. அத்தனை நாளும் அது வலியோடுதான் நம்மிடம் வந்து நின்றிருக்கிறது. சிகிச்சைக்குப் பின் கூடம் ஒருநாளும் நனையவில்லை.

சிறுநீர்த் தாரைத் தொற்று, நீரிழிவு, சிறுநீரக நோய் ஆகியவையும் இவ்வாறே வெளிப்படும். கருத்தடை செய்த பெட்டை நாய்களிற் சில, உறங்கும்போது அறியாமலே கசியவிடும், அதற்கு மருந்துண்டு. முதுமையில் அறிவு மங்கிப் பழக்கத்தை மறக்கும் நாய்களும் உண்டு. மிகுதியாக நீர் அருந்துதல், முக்கி முக்கிச் சிறிதே கழித்தல், இரத்தம் காணுதல் ஆகிய குறிகளில் ஒன்று தென்பட்டாலும் தாமதம் கூடாது. முக்கியும் சிறுநீர் சிறிதும் வெளிவராவிட்டால் அன்றே மருத்துவரை நாட வேண்டும்.

வாயில்லாப் பிராணி தன் துன்பத்தைச் சொல்ல அறியாது. நனைந்த தரையே சில வேளை அதன் விண்ணப்பமாகிறது. துடைக்கும் துணியைக் கையில் எடுக்கும்போதே காரணம் என்னவென்று ஒரு கணம் சிந்திப்போமாயின், தரையும் தூய்மையாகும். நம்மை நம்பி வாழும் உயிரும் அநியாயமாக அடிபடாது.